ஹீட்டர் இல்லாத ஊட்டித் தொட்டிக்குப் பாசி தின்னும் மீன் எது?

ஊசிமழை · ஊட்டி · நவம்பர் 9, இரவு 9:40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றுதான் வாய் திறக்கிறேன்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அதே உயரம். கல்லும் மணலும் போக 110 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஹீட்டர் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் 20 டிகிரியைத் தொடும். இன்று காலை 16. போன ஜனவரியில் ஒரு விடியற்காலை 13 காட்டியது. உள்ளே இருக்கும் மீன்கள்: 10 ஒயிட் கிளவுட், 8 ஜீப்ரா டேனியோ, 5 ரோசி பார்ப், பாதி நேரம் மணலுக்குள் கிடக்கும் 2 வெதர் லோச். எல்லாரும் சௌக்கியம்.

பாசிதான் தொல்லை. முன் கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம். விரலால் தேய்த்தால் போகும், நாலு நாளில் திரும்ப வரும். பின் கண்ணாடியில் பச்சைப் பொட்டுகள், நகத்தால் சுரண்டினாலும் அசையாது. ஜாவா மாஸ் செடியில் பச்சை நூல். அனுபியஸ் செடியின் இலை விளிம்பில் கறுப்பாகத் தாடி முளைத்திருக்கிறது.

கோவையில் ஒரு கடையில் கேட்டால், "சக்கர் ரெண்டு போடுங்க சார், பளிங்கு மாதிரி ஆயிடும்" என்றார்கள். இன்னொரு கடையில் மஞ்சளாக ஒரு மீனைக் காட்டி சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்றார்கள். இரண்டையும் வாங்காமல் வந்துவிட்டேன். இந்தக் குளிருக்கு எதைத்தான் விடுவது?

---

நெத்திலி_77 · பெங்களூரு · நவம்பர் 9, இரவு 10:12

வாங்காமல் வந்தீர்களே, அதுவே பாதிக் கிணறு.

என் கதையைக் கேளுங்கள். நாலு கோல்டுஃபிஷ் இருந்த தொட்டியில் ஒரு சக்கர் மீனை விட்டேன். முதல் ஆறு மாதம் தங்கம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாயை மடக்கி மடக்கித் தின்பதை என் மகள் மணிக்கணக்கில் பார்ப்பாள். அப்புறம் அது ஒரு சாண் நீளம் வளர்ந்தது. பாசியில் ஆர்வம் போய்விட்டது, தவிடும் உருண்டையும்தான் கேட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்து விளக்கைப் போட்டால், பெரிய கோல்டுஃபிஷின் விலாவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் செதிலே இல்லை, வெள்ளையாகத் தோல் தெரிகிறது. இரவில் ஒட்டிக்கொண்டு அதன் மேலிருந்த வழுவழுப்பை உறிஞ்சியிருக்கிறது. கோல்டுஃபிஷ் மெதுவாக நீந்தும், உடம்பும் அகலம். பசித்த சக்கருக்கு அது நடமாடும் சாப்பாட்டுத் தட்டு.

---

கண்ணாடித்தொட்டி · சென்னை · நவம்பர் 10, காலை 6:55

தம்பி, கொளத்தூர்ப் பக்கம் பதினேழு வருடம் கடை வைத்திருந்தவன் நான். அந்த சக்கர் மீனை நானும் ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறேன். பாவக்கணக்கு இருந்தால் அதில்தான் எழுதியிருப்பார்கள். இரண்டு அங்குலத்தில் விற்போம், அது 40 சென்டிமீட்டர், அதற்கு மேலும் போகும். வளர்ந்ததும் வீட்டில் வைக்க முடியாமல் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இன்று சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் வலை போடுகிறவர்களைக் கேளுங்கள். முள்ளில் சிக்கி வலை கிழிகிறது, அந்த மீனை விற்கவும் முடியாது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கடையில் "பாசி தின்னும் மீன்" என்று போர்டு எழுதி வைத்திருப்பதில் முக்கால்வாசி வெப்பநாட்டு மீன். சென்னையில் 28 டிகிரியில் ஓடி ஓடித் தின்பது உன் ஊரில் 16 டிகிரியில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். உடனே சாகாது, அதுதான் ஏமாற்று. குளிரில் செரிமானம் படுத்துவிடும், தின்னாது, மூன்று மாதத்தில் வயிறு ஒட்டிப் போகும். "தண்ணீர் சேரவில்லை" என்று நாமும் சொல்லிக்கொள்வோம்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சைனீஸ் ஆல்கே ஈட்டர் வேண்டவே வேண்டாம். பெயரில்தான் சீனா, பிழைப்பு முழுக்க தாய்லாந்து, மேகாங் பக்கம். குட்டியில் பாசி தின்னும், ஒரு சாணுக்கு மேல் வளர்ந்ததும் ரவுடி. பார்ப்பை விரட்டியே கொல்லும்.

சயாமீஸ் ஆல்கே ஈட்டர் நல்ல மீன்தான், அந்தக் கறுப்புத் தாடியைத் தின்கிற மிகச் சில மீன்களில் ஒன்று. ஆனால் அதற்கு 24 டிகிரியாவது வேண்டும். அந்தப் பெயரில் ஃபிளையிங் ஃபாக்ஸ் என்ற வேறொரு மீனைத் தலையில் கட்டுவதும் சகஜம். நிஜமானதற்குக் கறுப்புக் கோடு வால் நுனி வரை ஓடும், துடுப்புகள் நிறமில்லாமல் இருக்கும். ஃபாக்ஸுக்குத் துடுப்பிலேயே கறுப்பும் வெள்ளையும் இருக்கும். எப்படியானாலும் உன் ஊருக்கு இல்லை.

பிரிஸ்டில்நோஸ், 12 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், சாது. 20 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும். நீ ஹீட்டர் போடுவதானால் பேசலாம்.

மிச்சம் இருப்பது ஹில்ஸ்ட்ரீம் லோச். நம் கடைகளில் பட்டர்ஃபிளை லோச் என்பார்கள். தட்டையாக, திருக்கை மீனின் குட்டி மாதிரி கல்லில் ஒட்டிக் கிடக்கும். குளிர்ந்த ஓடைக்கல்லில் மேய்ந்தே வாழ்கிற ஜாதி. என் ஓட்டு அதற்கு.

---

ஊசிமழை · நவம்பர் 10, பகல் 1:20

அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. அந்த லோச் 13 டிகிரியைத் தாங்குமா? அப்புறம், ஓட்டோசிங்க்லஸ் சின்னதாக, அழகாக இருக்கிறதே, அதை யாருமே சொல்லவில்லை?

---

தேயிலைக்காடு · ஹட்டன் · நவம்பர் 10, இரவு 8:05

ஓட்டோவைப் பற்றி நான் சொல்கிறேன், எட்டைக் கொன்றவன்.

எங்கள் பக்கமும் உங்கள் ஊர் மாதிரித்தான், லயத்துக்கு மேலே வீடு, சுவரெல்லாம் ஈரம். கொழும்பிலிருந்து எட்டு ஓட்டோ கொண்டுவந்தேன். முதல் வாரம் பழுப்புப் படலத்தை வழித்துத் துடைத்த மாதிரி ஆக்கின. இரண்டாவது வாரம் தொட்டியில் படலம் தீர்ந்தது. வெள்ளரிக்காய் போட்டேன், சீண்டவில்லை. தண்ணீர் 17. ஒன்றொன்றாகப் போய்விட்டன. பெரும்பாலும் ஆற்றில் பிடித்து அனுப்புகிற மீன். பிடித்த நாளிலிருந்து பட்டினி கிடந்து, கடைக்கு வரும்போதே குடல் கெட்டுப்போயிருக்கும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. ஓட்டோ என்பது ஒரே மீன் இல்லை. தென் பிரேசில், உருகுவேப் பக்கத்து இனங்கள் குளிர் பழகியவை. ஆனால் கடைக்காரர் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று எழுதியா ஒட்டுகிறார்?

---

பாசிமணி · கோவை · நவம்பர் 10, இரவு 10:31

எல்லாரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது? தொட்டி ஜன்னல் பக்கமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி?

---

ஊசிமழை · நவம்பர் 11, காலை 7:10

காலையில் ஆபீஸ் போகும்போது போடுவேன் அக்கா, இரவு படுக்கும்போது அணைப்பேன். கிழக்குப் பக்க ஜன்னல், காலையில் ஒன்றரை மணி நேரம் வெயில் விழும். தீனி காலையும் மாலையும். சில நாள் அம்மா மத்தியானம் ஒரு தடவை போடுவார், "பாவம் பார்த்துக்கிட்டே இருக்குதுங்க" என்று.

---

பாசிமணி · நவம்பர் 11, காலை 9:48

பதினான்கு மணி நேர விளக்கு, அதற்கு மேல் வெயில், மூன்று வேளை சாப்பாடு. பாசிக்கு நீங்கள் விருந்து வைத்திருக்கிறீர்கள். எந்த மீனாலும் அதைத் தின்று முடிக்க முடியாது.

முதலில் உங்கள் பாசியைப் பிரித்துப் பார்ப்போம், நாலும் ஒரே வியாதி இல்லை.

பழுப்புப் படலம் டயட்டம் என்கிற நுண்பாசி. குளிர்ந்த தண்ணீரும் மங்கின வெளிச்சமும் அதற்குப் பிடிக்கும், அதனால் மலை ஊர்த் தொட்டிகளில் அது சீக்கிரம் விடாது. லோச், இறால், நத்தை எல்லாமே ஆசையாகத் தின்பது இதைத்தான். மீன் வாங்கித் தீரக்கூடிய பாசி என்றால் இது ஒன்றுதான்.

பச்சைப் பொட்டை எந்த மீனும் தொடாது. பழைய பிளேடு அல்லது செல்லாத ஏ.டி.எம். கார்டு. கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள், சிலிக்கான் ஓரத்தில் மட்டும் கவனம். நெரைட் நத்தை கொஞ்சம் தின்னும், ஆனால் 16 டிகிரியில் அது தூங்கும். அதோடு உங்கள் ஊர்த் தண்ணீர் மென்மை. சுண்ணாம்பு இல்லாமல் நத்தை ஓடு வெள்ளை வெள்ளையாகக் குழிவிழும். மீட்டர் இருந்தால் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பாருங்கள்.

பச்சை நூலுக்கு ஆள் உங்கள் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. ரோசி பார்ப்! இத்தனை நாளாக அது ஏன் தின்னவில்லை? மூன்று வேளை சோறு போட்டால் யார் கீரை பறிக்கப் போவார்கள்? ஒரு வாரம் தீனியைக் குறையுங்கள், மாஸில் மூக்கை விட்டு நூலைப் பிடுங்கித் தின்பதைப் பார்ப்பீர்கள். பெண் மீன்கள்தான் இதில் கெட்டி. கூடவே மென்மையான செடிகளையும் பிய்த்துவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

கறுப்புத் தாடி பிடித்த அனுபியஸ் இலையை அடியோடு வெட்டி எறியுங்கள். பழைய இலைதானே, புதிதாக வரும்.

விளக்கை டைமரில் ஏழு மணி நேரம் வையுங்கள். ஜன்னல் பக்கக் கண்ணாடியில் ஒரு சார்ட் அட்டை. தீனி ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு, வாரத்தில் ஒரு நாள் விரதம். 15 டிகிரியில் மீனுக்குப் பசியே குறைவு. மிஞ்சின தீனியை அழுக வைத்துப் பிரிக்கும் பாக்டீரியாவும் குளிரில் சோம்பேறி. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

---

நெத்திலி_77 · நவம்பர் 11, காலை 10:02

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்வதற்கு ஒரு தனி இழை தொடங்கலாம்.

---

பவானிக்கரை · மேட்டுப்பாளையம் · நவம்பர் 11, மாலை 6:40

கடைக்கு எதற்குப் போக வேண்டும்? உங்கள் மலையில் ஓடுகிற ஓடையிலேயே கல்லைப் பிடித்துத் தொங்கும் மீன் இருக்கிறதே. சின்ன வயதில் துண்டைப் போட்டுப் பிடிப்போம். அந்தக் குளிரிலேயே பிறந்தது, பாசிதான் சாப்பாடு. இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்?

---

கண்ணாடித்தொட்டி · நவம்பர் 11, இரவு 9:15

நீங்கள் சொல்வது கரா இனமாக இருக்கும். இல்லையென்றால் பவானியா. பவானியா ஆஸ்ட்ராலிஸ் என்பது மேற்குத்தொடர்ச்சி மலையின் சொந்த ஹில்ஸ்ட்ரீம் லோச், பேரினப் பெயரே உங்கள் ஆற்றின் பெயர்தான். பொருத்தம் என்று பார்த்தால் நூற்றுக்கு நூறு. ஆனால் கராவில் பல இனங்கள் ஒரு சாண் வளரும், 110 லிட்டரில் அடைக்க முடியாது. ஓடை மீனோடு உண்ணியும் புழுவும் சேர்ந்து வரும், இருக்கிற ஒயிட் கிளவுடையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

---

மட்டுறுத்துநர் · நவம்பர் 11, இரவு 9:50

ஒரு குறுக்கீடு. முதுமலை, முக்கூர்த்தி, காப்புக்காட்டு ஓடைகள் எதிலும் மீனைத் தொடுவது சட்டப்படி குற்றம். காட்டுக்கு வெளியே ஓடும் ஓடையானாலும், இந்தத் தளத்தில் காட்டு மீன் பிடிப்பதற்கு வழி சொல்லும் பதிவுகளை நீக்குவோம். அதேபோல் வாங்கின மீனை ஓடையில் விடுவதும். பவானிக்கரை, உங்கள் மேல் குறையில்லை. நினைவுப் பதிவு என்று விட்டுவைக்கிறேன்.

---

தேயிலைக்காடு · நவம்பர் 11, இரவு 10:20

எங்கள் நாட்டிலும் கரா சிலோனென்சிஸ் என்று ஒன்று, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பாலத்தின் மேல் நின்று பார்த்தால் வெள்ளம் அடித்துக்கொண்டு போகிற பாறையில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து என் தொட்டியைப் பார்த்தேன், தண்ணீர் குட்டை மாதிரி நிற்கிறது. அன்றைக்குத்தான் தண்ணீரைத் தள்ளி ஓடவைக்கும் பவர்ஹெட் மோட்டார் வாங்கினேன்.

ஊசிமழை தம்பி, உங்கள் ஃபில்டர் என்ன? இந்த லோச்சுக்குக் குளிரை விட முக்கியம் ஓட்டம்.

---

ஊசிமழை · நவம்பர் 12, காலை 6:30

உள்ளே தொங்கும் ஃபில்டர், மணிக்கு 600 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. டி.டி.எஸ். 48. ஓட்டம் எதற்கு? குளிர்ந்த தண்ணீரில் ஆக்ஸிஜன் தானாகவே அதிகம் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே.

---

கண்ணாடித்தொட்டி · நவம்பர் 12, பகல் 2:12

பள்ளிக்கூடம் கடல் மட்டத்தில் இருந்தது தம்பி.

கணக்கைப் பார். கடல் மட்டத்தில் 15 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடித்து வைக்கும். நீ இருப்பது 2240 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு, ஆகவே அதே தண்ணீரில் ஏழே முக்கால்தான் நிற்கும். சென்னையில் என் தொட்டி 29 டிகிரி. அதிலும் ஏழே முக்கால்தான்! ஊட்டிக் குளிர் கொடுத்ததை ஊட்டி உயரம் பிடுங்கிக்கொண்டது. குளிரில் மீனுக்கு மூச்சுத் தேவை குறைவு என்பதால் டேனியோவுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளத்தில் பிறந்த லோச்சுக்குத் தெரியும்.

தொட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நீரைத் தள்ளுகிற மாதிரி ஒரு பவர்ஹெட் போடு. எல்லாம் சேர்த்து மணிக்குத் தொட்டித் தண்ணீரின் பத்து மடங்காவது சுற்றட்டும். ஓட்டத்தின் வழியில் உருண்டைக் கற்களை அடுக்கு. உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டு, இல்லாவிட்டால் குட்டி ஒயிட் கிளவுடெல்லாம் உள்ளே போய்விடும்.

நீ கேட்ட 13 டிகிரி பாக்கி இருக்கிறது. வியட்நாமிலிருந்து வரும் செவெல்லியா, புள்ளியும் கோடுமாக இருப்பது, 20 முதல் 24 வரை விரும்பும். தென்சீனத்து போஃபோர்ட்டியா இன்னும் கொஞ்சம் குளிர் தாங்கும். போர்னியோ சக்கர் என்று வருவதும் இதே குடும்பம். 13 டிகிரிக்கு எதற்குமே நான் கையெழுத்துப் போட மாட்டேன். 100 வாட் ஹீட்டர் ஒன்றை 18 டிகிரியில் வைத்துவிடு. கோடையில் அது எரியவே எரியாது. குளிர் மாதங்களில் அதற்குக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். உன் ரோசி பார்ப்பும் உனக்கு நன்றி சொல்லும், அது 13 டிகிரி மீன் இல்லை.

---

நெத்திலி_77 · நவம்பர் 12, பகல் 2:40

தலைப்பில் "ஹீட்டர் இல்லாத" என்று இருக்கிறது அண்ணே.

---

கண்ணாடித்தொட்டி · நவம்பர் 12, பகல் 2:44

தலைப்பை மாற்றச் சொல்.

---

ஊசிமழை · நவம்பர் 13, இரவு 9:05

ஹீட்டர் விஷயத்தில் தயங்கியதற்குக் காரணம் கரண்ட். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் போய்விடும். ஹீட்டரை நம்பி வெப்பநாட்டு மீனை வைத்தால் என்ன ஆகும் என்ற பயம். ஆனால் 18இல் வைத்து, அது நின்றாலும் 15க்கு வரப் பாதி ராத்திரி ஆகும் என்றால் சமாளிக்கலாம் என்று தோன்றுகிறது. யு.எஸ்.பி.யில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் பேசியாயிற்று. மீனுக்கு வெள்ளிக்கிழமை விரதம் என்றதும் ஒப்புக்கொண்டார்.

இறால் விடலாமா? செர்ரி இறால் மலிவாகக் கிடைக்கிறது.

---

பாசிமணி · நவம்பர் 13, இரவு 11:15

செர்ரி இந்தக் குளிரைத் தாங்கும். ஆனால் உங்கள் பார்ப் இருக்கிற இடத்தில் குட்டி ஒன்றுகூட மிஞ்சாது, பெரியதும் மீசை இழந்து நிற்கும். அமானோ இறால் நாலு, ஐந்து சென்டிமீட்டர் வளரும், பார்ப் வம்புக்குப் போகாது. ஜப்பான் பக்கத்து ஓடை இறால், குளிர் அதற்குப் புதிதில்லை. தாகாஷி அமானோ என்ற ஜப்பானியர் செடித்தொட்டிகளில் பாசிக்காக இதைப் பழக்கினார், பெயரும் அப்படியே நின்றுவிட்டது. பச்சை நூலுக்கு இதை அடிக்க ஆளில்லை. விலைதான் கசக்கும். குஞ்சு வளர உப்புநீர் வேண்டும் என்பதால் வீட்டில் பெருகாது, ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆறு போதும். மூடி இல்லாத தொட்டியில் ஏறி வெளியே நடந்துவிடும், தரையில் காய்ந்த கருவேப்பிலை மாதிரி கிடக்கும்.

லோச்சைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகப் பார்த்து அடிவயிற்றைக் கவனியுங்கள். வயிறு சமமாக இருக்க வேண்டும். உள்வாங்கிக் குழிந்திருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

---

பூக்கோலம் · திருச்சூர் · நவம்பர் 14, காலை 11:30

மிஸ் கேரளா யாரும் சொல்லவில்லையே? சிவப்புக்கோடு. பாசியும் கொறிக்கும், ஓட்டமும் குளிர்ச்சியும் பிடிக்கும், நம் மலையின் மீன்.

---

கண்ணாடித்தொட்டி · நவம்பர் 14, பகல் 12:05

அழகுதான். ஆனால் 15 சென்டிமீட்டர் வரை வளர்ந்து கூட்டமாக அம்பு மாதிரி ஓடுகிற மீன். ஆறு வாங்கினால் நாலடித் தொட்டியே பற்றாது. இயற்கையில் அழிகிற நிலையில் இருப்பது, வாங்குகிறவர்கள் பண்ணையில் பொரித்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். இந்தத் தம்பிக்கு வேண்டாம்.

---

ஊசிமழை · டிசம்பர் 1, இரவு 8:50

முதலில் நல்ல செய்தி. இன்னும் ஒரு மீன்கூட வாங்கவில்லை, அதற்குள் பாதிப் பாசி போய்விட்டது. விளக்கு மதியம் 2 முதல் 9 வரை. ஜன்னல் பக்கம் கறுப்புச் சார்ட். ஒரு வேளை தீனி. பத்தாவது நாள் காலையில் பார்க்கிறேன், ரோசி பார்ப் பெண் ஒன்று மாஸிலிருந்து நூலைக் கவ்வி, தலையை உலுக்கி உலுக்கி இழுக்கிறது, நூல் வாயிலிருந்து நூடுல்ஸ் மாதிரி தொங்குகிறது. அக்கா சொன்னது அட்சரம் பிசகவில்லை.

நேற்று கோவை போய் நாலு பட்டர்ஃபிளை லோச், ஆறு அமானோ வாங்கி வந்தேன். நாலும் கண்ணாடியில் ஒட்டியிருந்தபோது வயிறு பார்த்தேன். ஒன்று கொஞ்சம் குழிவு போலத் தெரிந்தது. கடையில் நாலுதான் இருந்தன, ஆசை விடவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒரு பாடம். கோவையில் கடைக்காரர் பைக்குள் ஆக்ஸிஜன் அடித்து ரப்பர் பேண்டை இறுக்கிக் கட்டினார். பர்லியாறு தாண்டியதும் எனக்குக் காது அடைத்தது. மடியில் இருந்த பை கல்லு மாதிரி விறைத்துவிட்டது. குன்னூரில் ஒரு முடிச்சைத் தளர்த்திக் கொஞ்சம் காற்றை விட்டேன். பக்கத்து சீட்டுப் பாட்டி, "மீனு மூச்சு முட்டுதா?" என்று கேட்டார்.

---

கண்ணாடித்தொட்டி · டிசம்பர் 1, இரவு 9:30

அடடா, இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். கோவை 400 மீட்டர், ஊட்டி 2240. காற்று கால் பங்கு உப்பும். மலைக்குப் போகிற பார்சலுக்கு நாங்கள் பையை முக்கால்தான் நிரப்புவோம். அடுத்த தடவை மூடி போட்ட பக்கெட்டில் கொண்டு போ. உன் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குச் சோதனைச் சாவடியில் பதில் சொல்லும் வேலையும் மிச்சம்.

கடைத் தண்ணீர் 27 இருந்திருக்கும், உன் தொட்டி 18. நேராக விட்டுவிடவில்லையே?

---

ஊசிமழை · டிசம்பர் 1, இரவு 9:41

இல்லை அண்ணே. சமையலறையில் அடுப்புப் பக்கம் ஒரு பக்கெட்டில், ஏர் பம்ப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு டிகிரி இறக்குவதாகத் திட்டம். அம்மா, "சாம்பாருக்கும் இதுக்கும் நடுவுல நான் நிக்கணுமா" என்கிறார்.

---

ஊசிமழை · டிசம்பர் 6, காலை 7:00

அந்தக் குழிந்த வயிறு போய்விட்டது. பக்கெட் அடியில் கிடந்தது. நீங்கள் எல்லாரும் முன்பே சொன்னீர்கள். மற்ற மூன்றும் நேற்றிலிருந்து பெரிய தொட்டியில்.

---

தேயிலைக்காடு · டிசம்பர் 6, காலை 8:15

மனதை விடாதீர்கள் தம்பி. நான் எட்டில் எட்டு. நீங்கள் நாலில் மூன்று காப்பாற்றியிருக்கிறீர்கள்.

---

ஊசிமழை · ஜனவரி 11, இரவு 10:10

வெளியே புல்லெல்லாம் உறைபனி. தொட்டி 18இல் நிற்கிறது, ஒரு ராத்திரி கரண்ட் போய் 16க்கு வந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

லோச் மூன்றும் பவர்ஹெட்டுக்கு நேர் எதிரே இருக்கும் கல்லைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. பெரியது மேலே, சின்னதுகள் இரண்டும் பக்கவாட்டில். ஒன்று எல்லை தாண்டினால் மற்றது அதன் மேல் ஏறித் தட்டு மாதிரி மூடிக்கொள்கிறது, கடி இல்லை, காயம் இல்லை. மேய்ந்த இடத்தில் கல்லில் கோலப்பொடி அழிந்த மாதிரி வளைந்து வளைந்து தடம் விழுகிறது. முன் கண்ணாடியில் பழுப்பு இல்லை. பச்சைப் பொட்டு அப்படியே இருந்தது, பிளேடால்தான் எடுத்தேன். தாடியை ஒருவரும் தொடவில்லை, ஐந்து இலை வெட்டினேன்.

இப்போது புதுக் கவலை. பாசி தீர்ந்துகொண்டு வருகிறது. இவை என்ன தின்னும்?

---

தேயிலைக்காடு · ஜனவரி 12, காலை 6:20

நான் ஓட்டோவில் தோற்ற இடத்துக்கு வந்துவிட்டீர்கள். மொட்டை மாடியில் வெயில் படுகிற இடத்தில் ஒரு தொட்டியோ பக்கெட்டோ வையுங்கள். தண்ணீர் மாற்றும்போது எடுக்கிற பழைய தண்ணீரையே அதில் ஊற்றி, உருண்டைக் கற்கள் பத்தைப் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வழுவழுவென்று படலம் பிடிக்கும். வாரத்துக்கு இரண்டு கல்லை உள்ளே வைத்து, மேய்ந்த கல்லைத் திரும்ப மாடிக்கு அனுப்புங்கள். கடையில் விற்கிற பாசி வில்லையும் கொடுக்கலாம், ஆனால் அதை வெதர் லோச்சும் டேனியோவும் முந்திக்கொள்ளும். கல்லில் இருப்பதை அவைகளால் எடுக்க முடியாது.

---

பாசிமணி · ஜனவரி 12, காலை 9:00

அருமையான யோசனை. கூழாங்கல்லாக, சொரசொரப்பு கொஞ்சம் இருப்பதாகப் பாருங்கள். கொசு முட்டை வைக்காமல் மேலே ஒரு வலைத்துணி.

---

ஊசிமழை · மார்ச் 3, இரவு 9:25

மாடிப் பக்கெட்டில் பதினான்கு கல். ஒவ்வொன்றும் பச்சை வெல்வெட் போர்த்திய மாதிரி வளர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கல்லை எடுக்கலாம் என்று மேலே போனேன். பக்கெட் கவிழ்த்துக் காய வைத்திருக்கிறது. பக்கத்தில் பதினான்கு கல்லும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, பளபளவென்று, அளவு வாரியாக வரிசையில்.

"எவ்வளவு அழுக்கு பாரு, நீ கவனிக்கவே இல்லை" என்கிறார் அம்மா.

---

கண்ணாடித்தொட்டி · மார்ச் 3, இரவு 9:31

சோப்பு போட்டாரா? அதை முதலில் கேள்.

---

ஊசிமழை · மார்ச் 3, இரவு 9:38

வெறும் நாரும் தண்ணீரும்தானாம். எதற்கும் வெந்நீரில் இரண்டு தடவை அலசிவிட்டு மறுபடி பக்கெட்டில் போட்டிருக்கிறேன். அது வரைக்கும் பாசி வில்லை, விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, டேனியோ தூங்கின பிறகு. பக்கெட்டின் மேல் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்துவிட்டேன்: கழுவ வேண்டாம்.

---

நெத்திலி_77 · மார்ச் 3, இரவு 9:40

நவம்பரில் பாசியை ஒழிக்க வந்தவர் எழுதிய போர்டு. மட்டுறுத்துநர் ஐயா, தலைப்பை இப்போதாவது மாற்றுங்கள்.